செய்தித்தாள் முழுதும் படிக்கும் மாமனாருக்கு மாத்திரைச் சீட்டு ஏன் பிடிபடவில்லை?

வில்லிவாக்கத்தில் உங்களோடு இருக்கும் மாமனாருக்கு 74 வயது. பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செய்தித்தாளை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஏப்ரலில் வந்த ரிப்போர்ட்டில் ஹெச்பிஏ1சி என்ற சர்க்கரைச் சோதனை 6.2 என்று இருந்ததைப் பார்த்து "நார்மல் ஆயிடுச்சு" என்று கிளிமிபிரைடு கலந்த சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். சில வாரங்கள் கழித்து வீட்டுக் கருவி 300-க்கு மேல் காட்டியதும், யாரையும் கேட்காமல் மறுபடி தொடங்கி, காலையில் ஒன்று என்றிருந்ததைக் காலையும் இரவும் என்று ஆக்கிக்கொண்டார். கிருத்திகை விரதத்தன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போய் வந்தும் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தவர், பதினொரு மணியளவில் பேத்தியின் பெயர் தெரியாமல் குழறிப் பேச, மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை 48. இவ்வளவையும் எழுதிவிட்டு, இது மறதி நோயின் தொடக்கமா, அவருக்குக் கொடுக்கத் தமிழில் நல்ல வீடியோவோ புத்தகமோ உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது வேறு என்று நினைக்கிறேன்: இத்தனை படிக்கத் தெரிந்த மனிதருக்கு இது மட்டும் ஏன் புரியாமல் போகிறது, மருமகளாக அதே வீட்டில் இருக்கும் நீங்கள் சண்டை வளர்க்காமல் என்ன செய்ய முடியும் என்பதே அந்தக் கேள்வி.

நான் மருத்துவர் அல்ல. வடசென்னையில் அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுவதும் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே நின்றவன். மருத்துவர் எழுதியது நோயாளியின் கைக்கு வரும்போது என்னவாக மாறுகிறது என்பதை அந்த இடத்திலிருந்துதான் தெளிவாகப் பார்க்க முடியும் என்பதால் எழுதுகிறேன். அவருடைய சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதும், எல்லா மாத்திரைகளின் பெயரும் உங்கள் கேள்வியில் இல்லை. அவை இருந்தாலும் எந்த மாத்திரையைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று நான் சொல்லக் கூடாது. கீழே படிப்பதை வைத்து எதையும் நீங்களாக மாற்றாதீர்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில், இந்த வகை மாத்திரை போடுகிறவருக்கு, இன்றைய தினத்தின் பெரிய ஆபத்து உயர் சர்க்கரை அல்ல, தாழ் சர்க்கரை. 250 என்ற அளவு ஆண்டுக்கணக்கில் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். 48 என்ற அளவு அரை மணி நேரத்தில் ஆளைக் கீழே தள்ளி இடுப்பை உடைக்கும். 70-க்குக் கீழே போனாலே தாழ் சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் அது கடுமையானது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து; வயிற்றில் சாப்பாடு வந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அதனால்தான் விரத நாளில் அது ஆபத்தாக முடிந்தது. இளையவர்களுக்கு வரும் கை நடுக்கம், வேர்வை, படபடப்பு ஆகியவை முதியவர்களுக்குத் தெளிவாக வராமல் போகலாம். குழப்பம், எரிச்சல், தூக்கக் கலக்கம், நடையில் தள்ளாட்டம் என்று வரும், வீட்டார் அதை "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். இதயத்துக்கும் பிரஷருக்கும் கொடுக்கும் அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைக்கவும் செய்யும்.

அப்படி நடக்கும்போது நினைவோடு இருந்தால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துக் கருவியில் பார்த்து, இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி கொடுத்து, சரியானதும் இரண்டு இட்லியாவது சாப்பிட வைக்க வேண்டும். வீட்டுச் சர்க்கரையும் பெரும்பாலும் உதவும். ஆனால் அவருடைய மாத்திரை அட்டையில் வோக்ளிபோஸ் என்ற மருந்தும் சேர்ந்திருந்தால் வீட்டுச் சர்க்கரை உடைந்து இரத்தத்தில் சேரத் தாமதமாகும். குளுக்கோஸ் பவுடர்தான் வேலை செய்யும். மூன்று மருந்துகள் கலந்த சர்க்கரை மாத்திரைகள் நம் ஊரில் ஏராளமாக எழுதப்படுகின்றன என்பதால், இந்தச் சிறு விஷயத்தை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் சரியல்ல. சிறுநீரகம் தளர்ந்த முதியவர் உடம்பில் இந்த மருந்து நீண்ட நேரம் தங்கி, ஏறிய சர்க்கரையைத் திரும்ப இறக்கிவிடும்; அவரை இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தது அதற்காகத்தான் இருக்கும்.

அடுத்து அந்த 6.2. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையை ஹெச்பிஏ1சி காட்டுகிறது, 6.5-உம் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்பது கண்டறிவதற்கான கணக்கு. ரிப்போர்ட் தாளில் அச்சடித்திருக்கும் "நார்மல்" கட்டத்துக்குள் எண் வந்துவிட்டால் நோய் போய்விட்டது என்று அவர் படித்துக்கொண்டதில் வியப்பில்லை. அந்தத் தாள் அப்படித்தான் அச்சடிக்கப்பட்டிருக்கிறது. மாத்திரை போட்டதால் வந்த 6.2 அது என்பதைத் தாள் சொல்லாது. அதே நேரம், உங்கள் வீட்டில் யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நான் நினைக்கும் ஒன்றும் உண்டு: அவருடைய ஐயம் முழுக்கத் தவறானது அல்ல. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல், ஆரோக்கியமாக இருக்கும் முதியவர்களுக்கே 7.0 முதல் 7.5-க்குக் கீழே என்றும், பல நாள்பட்ட நோய்கள் உள்ளவர்களுக்கு 8.0-க்குக் கீழே இருந்தால் போதும் என்றும் இலக்கு வைக்கிறது. கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு 6.2-இல் இருக்கும் 74 வயதுக்காரரைப் பார்த்தால், "நல்ல கட்டுப்பாடு" என்று பாராட்டுவதற்கு முன் மாத்திரை அதிகமோ என்று கேட்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டோடு அவர் மருத்துவரிடம் போயிருந்தால் அளவு குறைக்கப்பட்டிருக்கவும் கூடும். தானாக நிறுத்தியதுதான் தவறு, சந்தேகப்பட்டது அல்ல. இதை நீங்கள் அவரிடம் வாய்விட்டுச் சொன்னால் பாதிச் சண்டை அடங்கும். இரத்தசோகையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இந்தச் சோதனையின் எண்ணே சற்று ஏமாற்றும் என்பதையும் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

இப்போது, படித்தவருக்கு ஏன் புரியவில்லை என்ற கேள்வி. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவதும், மருத்துவத் தகவலைப் புரிந்து அதைத் தன் அன்றாட வாழ்க்கைக்குப் பொருத்திக்கொள்வதும் வேறு வேறு திறன்கள். அமெரிக்காவில் 2003-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், 65-உம் அதற்கு மேலும் வயதானவர்களில் 59 சதவீதத்தினர் மருத்துவத் தகவலைக் கையாள்வதில் அடிப்படை நிலையிலோ அதற்கும் கீழேயோ இருந்தார்கள். பள்ளிக்கூடம் எல்லாருக்கும் எட்டிய நாட்டில் அது. நம் ஊரில் இன்னொரு சுவரும் இருக்கிறது. உங்கள் மாமனார் படிப்பது தமிழ். மாத்திரை அட்டையில் அச்சாகியிருப்பது ஆங்கிலம், அதுவும் வெள்ளி நிறத் தாளில் பொடி எழுத்தில். கண்புரை தொடங்கிய கண்ணுக்கு அது தெரியாது. பதினைந்து மாத்திரை கேட்டால் மருந்துக்கடையில் ஒரு முழு அட்டையோடு இன்னொன்றைப் பாதியாக வெட்டிக் கொடுப்பார்கள். வெட்டிய பாதியில் சில சமயம் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. ஆகவே முதியவர்கள் நிறத்தையும் அளவையும் வைத்தே மாத்திரையை அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள்: "வெள்ளைச் சின்னது பிரஷருக்கு, ரோஸ் கலர் சுகருக்கு." அடுத்த மாதம் கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்தால் நிறம் மாறிவிடும், கணக்கு குலைந்துவிடும்.

சீட்டும் அப்படித்தான். 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பது எங்களுக்குப் பழக்கம். அதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. எஸ்.ஓ.எஸ். என்று எழுதினால் தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள். அது தெரியாமல் வலி மாத்திரையை மாதக்கணக்கில் மூன்று வேளையும் போட்டவர்களை ஜன்னலில் பார்த்திருக்கிறேன். இவற்றோடு, நூறு பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் இரண்டு நிமிடப் பேச்சு, மின்விசிறி இரைச்சல், மங்கிய காது, எதிரே இருப்பவர் டாக்டர் என்ற மரியாதை எல்லாம் சேரும்போது, "புரிஞ்சுதா பெரியவரே?" என்று கேட்டால் "சரிங்க சார்" என்பதைத் தவிர அவர் வேறு என்ன சொல்வார்? அந்த "சரிங்க" புரிந்ததற்கு அடையாளமே இல்லை. மருந்தின் வேதிப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியே கொண்டுவந்தது. எழுத்து புரியவில்லை என்று மருத்துவரிடம் சொல்வதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

வியாசர்பாடியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பாட்டியம்மாவைச் சொல்கிறேன். நின்றால் தலைசுற்றல், இரண்டு முறை விழுந்துவிட்டார். ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். டெல்மிசார்டன் என்ற ஒரே பிரஷர் மருந்து அதில் மூன்று வடிவில் இருந்தது: நாங்கள் கொடுத்த அரசு மாத்திரை, ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பியபோது எழுதிக் கொடுத்த வேறு பெயர் மாத்திரை, சிறுநீரை அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரையோடு கலந்து இன்னொரு பெயரில் பக்கத்துக் கிளினிக்கில் தந்தது. மூன்றையும் அந்தந்த மருத்துவர் சொன்னபடி ஒரு வேளை தவறாமல் போட்டிருக்கிறார். அவருக்குக் கட்டுப்பாடு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது; சொன்னதைச் சொன்னபடி செய்ததால் விழுந்தார். மூன்று இடத்திலும் மற்ற இரண்டு இடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் அழுத்தத்தைப் பார்த்து, மேல் அளவு 20 குறைந்தால் அது கவனிக்க வேண்டியது. மருத்துவர் அப்படிப் பார்த்ததும் அவருக்குக் காரணம் தெளிவாயிற்று. உங்கள் மாமனாருக்கும் நின்ற நிலையில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரை தவறுவதில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் வீட்டில் வேலை நடப்பதில்லை. ஒன்று மறப்பது, மற்றொன்று யோசித்து முடிவெடுத்து நிறுத்துவது. வாரத்துக்கு ஏழு கட்டம் போட்ட மாத்திரை டப்பா முதல் வகைக்கு உதவும். இரண்டாம் வகைக்கு அது எதுவும் செய்யாது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு காரணத்தோடு முடிவெடுத்திருக்கிறார், முடிவுகள்தான் பிசகியிருக்கின்றன. இதில் அவர் தனி ஆளும் அல்ல. வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் எழுதியது.

ஆகவே காரணத்தைத் தேட வேண்டும். நான் திரும்பத் திரும்பக் கேட்ட காரணம் ஒன்றுதான்: "மாத்திரை அதிகமா போட்டா கிட்னி போயிடும்." சென்னையில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு உறவினரோ நண்பரோ இல்லாத குடும்பம் குறைவு, அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் சுகர் மாத்திரை போட்டவர்கள் என்பதும் உண்மை. கண்ணால் பார்த்ததை இணைத்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. உண்மை இப்படி: சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதல் இரண்டு இடம் கட்டுப்படாத சர்க்கரைக்கும் கட்டுப்படாத இரத்த அழுத்தத்துக்கும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் வேறு காரணத்தால் சிறுநீரகம் தளர்ந்துவிட்டால் அதன் அளவைக் குறைப்பார்கள், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். "கிட்னி கெட்டதும் டாக்டரே அந்த மாத்திரையை நிறுத்தினார், அதனால்தான் கெட்டது" என்ற பேச்சு இங்கிருந்து பிறக்கிறது. சிறுநீரகத்துக்கு உண்மையிலேயே ஆபத்தான மாத்திரை பெரும்பாலும் எந்தச் சீட்டிலும் இல்லாதது: மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகை. டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் போடுகிறவர் இவற்றையும் சேர்த்துப் போடும்போது சிறுநீரகம் மூன்று பக்கமும் நெருக்கப்படுகிறது, பிரஷரும் ஏறும். கிட்னிக்குப் பயந்து சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, வலி மாத்திரையை மட்டும் தவறாமல் போடும் பெரியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. உங்கள் மாமனார் அவ்வப்போது வலி மாத்திரை போடுகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் நிறுத்தியது அந்த வரிதான். சளிக்குக் கடையில் தரும் மாத்திரைகளும் அப்படியே: முதியவருக்குக் குழப்பத்தையும், புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும்.

காரணத்தை யார் கேட்பது என்பதும் முக்கியம். மருமகளிடம் தன் தவறை ஒப்புக்கொள்வது பல மாமனார்களுக்குக் கடினம். மகன் கேட்டால் அது விசாரணையாகிவிடும். பெரும்பாலான வீடுகளில் உண்மை நிலவரம் மாமியாருக்குத் தெரியும், அவரை யாரும் கேட்பதில்லை. மாமனார் காலையில் எந்த டப்பாவைத் திறக்கிறார், எந்த நாளில் எதைத் தள்ளிப்போடுகிறார், பஸ்ஸில் போக வேண்டிய நாளில் நீர் மாத்திரையை விடுகிறாரா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் மூலமாகத் தொடங்குங்கள். "ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்காமல், "இந்த மாத்திரையில உங்களுக்கு எது ஒத்துக்கல?" என்று கேட்டால் பதில் வரும்.

சொல்லிப் புரியவைக்கும் முறையைப் பற்றி எனக்கு ஓரளவு உறுதி உண்டு. சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்வதுதான் அது. உலகம் முழுவதும் செவிலியர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் இது கற்பிக்கப்படுகிறது. பரீட்சை போல ஆகாமல், பொறுப்பை நம் மேல் போட்டுக்கொண்டு கேட்க வேண்டும்: "டாக்டர் சொன்னது எனக்குக் குழப்பமா இருக்கு மாமா, நாளைக்குக் காலையில எதை எப்ப போடணும்னு ஒரு தடவை சொல்லுங்களேன்." அவர் சொல்லும்போது எங்கே பிசகுகிறதோ அங்கே மட்டும் திருத்தினால் போதும். ஒரு நாளுக்கு ஒரு விஷயம். மூன்றாவது விஷயத்துக்குப் போனால் முதலாவது போய்விடும். இம்முறையால் நோயாளிக்குச் சொன்னது நினைவில் நிற்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. அதனால் பல ஆண்டுகளில் சர்க்கரை அளவே குறையுமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபோல் பேசவில்லை. அவருக்கு முதலில் சொல்ல வேண்டியது "சாப்பாடு இல்லாத வேளையில் இந்த மாத்திரையை என்ன செய்வது" என்ற ஒன்றுதான். சாப்பிடாவிட்டால் இந்த வகை மாத்திரையும் இல்லை என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. கிருத்திகை, சஷ்டி, புரட்டாசிச் சனிக்கிழமை எல்லாவற்றையும் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அவருக்கான விதியை எழுதியே வாங்கிவிடுங்கள். விரதத்தை விடச் சொல்லி வாதாடாதீர்கள். அதில் நீங்கள் தோற்பீர்கள், மாத்திரையும் சேர்ந்து தோற்கும்.

பிறகு ஒரே ஒரு தாள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், அலமாரிப் பெட்டி, சட்டைப்பை, பூஜையறை மாடம் உட்பட, ஒரு மேசையில் கொட்டுங்கள். ஒவ்வொன்றின் வேதிப்பெயரையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, எதற்காக, எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, யார் எழுதியது என்று பக்கத்தில் குறித்து, காலி அட்டையிலிருந்து பெயருள்ள துண்டை வெட்டி ஒட்டுங்கள். எழுதுவது அவராகவே இருந்தால் மிக நல்லது; பணிமனையில் பதிவேடு எழுதிப் பழகிய கை என்று நீங்களே சொல்கிறீர்கள். ஒரே வேதிப்பெயர் இரண்டு இடத்தில் வந்தால் சிவப்பில் வட்டமிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு மாத்திரையும் இருந்தால் அது வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி நேரமாவது முன்னால். கடையில் இனி அட்டையை வெட்டாமல் முழுதாக வாங்குங்கள்.

மறதி நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். எழுத்தை வைத்து அதைச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. மருத்துவமனைக்குப் போன அன்றைய குழப்பத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 48-இல் யாருக்கும் பெயர் மறக்கும். சர்க்கரை சரியாக இருக்கும் நாட்களில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா, பழகிய தெருவில் வழி தவறுகிறாரா, பென்ஷன் பணக் கணக்கில் புதிதாகக் குழப்பம் வருகிறதா என்று கவனியுங்கள். இவை இருந்தால் பரிசோதனை வேண்டும், ஆனால் முடிவுக்குத் தாவ வேண்டாம்: மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம், அதுவும் நினைவைப் பாதிக்கும், தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, கேட்காத காது எல்லாமே மறதி போலத் தோன்றும். ஓரிரு நாளில் திடீரென்று ஆள் மாறிவிட்டால் அது வேறு. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீடியோவும் புத்தகமும் கேட்டீர்கள். நல்லவை உண்டு, ஆனால் அவை சர்க்கரை நோயைப் பற்றிப் பேசும். அவருக்குத் தெரிய வேண்டியது அவருடைய ஐந்து மாத்திரைகளைப் பற்றி. அந்தத் தாள் தயாரான பிறகு வீடியோவைப் பற்றி யோசிக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ, கொய்யா இலைக் கஷாயங்களைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். வெந்தயமும் பாகற்காயும் சமையலில் சேர்வதில் யாருக்கும் மறுப்பில்லை. சர்க்கரையை இறக்கும் என்று நம்பி எடுக்கும் எதையும், இறக்கும் மாத்திரையோடு சேர்த்து எடுப்பது மீண்டும் தாழ் சர்க்கரையை வரவழைக்கலாம். மாத்திரைக்குப் பதிலாக அவற்றை எடுக்கலாம் என்று சொல்ல இன்றைக்குப் போதிய ஆதாரம் இல்லை. சித்த மருத்துவரிடம் போகிறார் என்றால் தடுக்காதீர்கள், இரு பக்க மருத்துவரிடமும் மற்றவர் மருந்தைச் சொல்லச் சொல்லுங்கள்.

சென்னையில் இருப்பதில் உங்களுக்குச் சில வசதிகள் உண்டு. அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று 1978-இலேயே தனிப் பிரிவு தொடங்கியது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நான்கு இடத்துச் சீட்டுகளை ஒருவரே மொத்தமாகப் பார்த்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று முடிவு சொல்வதற்கு முதியோர் மருத்துவம் படித்தவரே பொருத்தமானவர். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதைப் பெற்றுக்கொண்டால் கடையில் வாங்குவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரே மாத்திரை இரண்டு பெயரில் வீட்டில் சேரும். நள்ளிரவில் மருந்து பற்றிச் சந்தேகம் வந்தால் 104-இல் கேட்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும், வீட்டுக் கருவியில் எடுத்த அளவுகளையும் எடுத்துக்கொண்டு, அவரையே பேசவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கேட்க வேண்டியவற்றை முந்தின நாள் இரவு அவர் கையாலேயே எழுத வையுங்கள்: தாழ் சர்க்கரை ஒருமுறை வந்துவிட்டதால் கிளிமிபிரைடு இனியும் தேவையா, தாழ் சர்க்கரையைத் தராத வேறு மாத்திரை எனக்குப் பொருந்துமா, என் வயதுக்கு ஹெச்பிஏ1சி எவ்வளவு இருந்தால் போதும், என் இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் சோதனை மட்டும் பார்த்தால் போதுமா, பி12 பார்த்திருக்கிறோமா, மூட்டு வலிக்கு எதைப் போடலாம். கிரியேட்டினின் கேள்வியை விட்டுவிடாதீர்கள், தசை மெலிந்த முதியவருக்கு அந்த எண் நார்மலாகத் தெரிந்தாலும் சிறுநீரகம் தளர்ந்திருக்கக் கூடும். இன்சுலினுக்கு மாற்றுவதாகச் சொன்னால், அது கடைசிக் கட்டம் என்று அவர் பயப்படுவார். அது அப்படி இல்லை என்பதை மருத்துவர் வாயாலேயே கேட்கட்டும். ஆனால் நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா இன்சுலின் 100 யூனிட். குப்பிக்கான சிவப்பு மூடி ஊசியில் பேனா மருந்தை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும் என்பதை முதல் நாளே மனத்தில் வையுங்கள். கடைசியாக ஒரு கேள்வி: வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று சாப்பாடு இறங்காத நாளில் மெட்ஃபார்மின், பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை இவற்றில் எதை நிறுத்தி வைப்பது, எப்போது மறுபடி தொடங்குவது? உடம்பில் நீர் வற்றிய நாளில் இவற்றைத் தொடர்ந்தால் சிறுநீரகம் சட்டென்று பழுதாகலாம். அந்தப் பதிலையும் தாளின் பின்பக்கத்தில் மருத்துவர் கையாலேயே எழுதி வாங்கிவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கி வீட்டில் ஒவ்வொருவராகப் படுப்பதற்கு முன்பே அது உங்கள் கையில் இருக்கட்டும்.